தங்கமணி அம்மாவின் பேட்டரி ஏன் படுத்தது

“ஏனுங்க, வெயிலே வராத ஊர்ல சோலார் மாட்டித் தர்ற அம்மணி நீங்கதானுங்களா?”

குன்னூர்ப் பட்டறை வாசலில் நின்று நாச்சிமுத்து ஐயா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்கும்போதே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உள்ளே மீசை வைத்த ஆள் ஒருவன் இருப்பான், இந்தப் பெண் அவனுக்கு டீ வாங்கி வருகிறவளாக இருக்கும் என்ற நம்பிக்கை அவர் கண்ணில் தெரிந்தது.

“ஆமாங்க. வெயில் அடிக்கற ஊர்ல யார் வேணும்னாலும் மாட்டிடலாமுங்களே” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னால் வேனுக்குள் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தங்கமணி அம்மா சிரித்தார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பொதுவாக ஓய்வு பெற்று, சர்க்கரை வந்து, பேரன் பேத்தி எடுத்தபின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு எழுதுவார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் போனவர்கள் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தபோது என் அம்மா பிலோமினா அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் மாதாவைப் பார்க்க வேண்டும். ஆகவே என்னிடம் அடக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எந்த வயர் எவ்வளவு கனம், ஃப்யூஸ் எங்கே, பேட்டரியை எந்தப் பக்கம் கட்டுவது என்பதெல்லாம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். இது சுவரில் ஒட்ட முடியாத விஷயம்.

நாச்சிமுத்து ஐயா கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக மாற்றியிருந்தார். கட்டில், சின்ன சமையல் மேடை, கை கழுவத் தொட்டி எல்லாம் கச்சிதம். மின்சாரம் மட்டும்தான் பாக்கி.

அவர்கள் ஊர் சுற்றக் கிளம்பிய காரணம் தங்கமணி அம்மாவின் சிறுநீரகம். இரண்டுமே வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் படுக்கிற டயாலிசிஸ் அல்ல அவருடையது. வயிற்றில் சின்னக் குழாய் ஒன்றை நிரந்தரமாக வைத்திருந்தார்கள். பை நிறைய மருந்து நீரை அதன் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, அடுத்த பையை விட வேண்டும். நாளைக்கு நான்கு முறை. அவரே செய்துகொள்வார். இடம் சுத்தமாக இருக்க வேண்டும், பை உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த பையை உள்ளே விட்டால் வயிறு முறுக்கும், உடம்பு உதறும். அதற்காக மின்சாரத்தில் சூடாகும் பட்டை ஒன்று வைத்திருந்தார்; அதில் பையைச் சுற்றி வைத்தால் இதமாகிவிடும்.

நோய் வந்ததிலிருந்து அவர் பார்த்த ஊர்கள் இரண்டு. ஒன்று வீடு, இன்னொன்று ஆஸ்பத்திரி. ஓட்டலில் தங்கலாம் என்றால் குழாயும் பையுமாகப் போய் நிற்கும்போது மேனேஜர் முகம் போகிற போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் வேன்.

எந்த மாதம் கிளம்புவது என்று என் முன்னாலேயே சண்டை நடந்தது.

“ஏப்ரல்ல போலாம் தங்கம். வெயில் நல்லா அடிக்கும், சோலாரும் ஓடும். பூவெல்லாம் பூத்துருக்கும்.”

“பூ நம்ம மார்க்கெட்லயே கெடைக்குதுங்க. எனக்கு மழை பாக்கோணும். நிக்காம பேயற மழை.”

“ஆடி மாசத்துல எவனாச்சும் சோலார் வண்டியோட மலை ஏறுவானா?”

“எவனும் ஏறலீன்னா ரோடு காலியாத்தான இருக்கும்? நாம ஏறலாம்.”

தோற்றுப்போன நாச்சிமுத்து ஐயா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: “இங்க பாருங்க அம்மணி. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை பை சூடாகலீன்னாலும் அன்னிக்கே வண்டியத் திருப்பிருவேன். ஊருக்குப் போய் வித்தும் போடுவேன். அப்பறம் வெளிய போகோணும்னு இவ வாயே தொறக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

தனியாகத்தான் சொன்னார். ஆனால் பம்புசெட் கடையில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை அது. வேனுக்குள் இருந்த தங்கமணி அம்மா என்னைப் பார்த்தார். கெடுத்துடாத கண்ணு என்கிற பார்வை.

அடுத்து, என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருக்கும் கேள்வி இது. நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் முடி உலர்த்தும் மெஷின் இரண்டு வேண்டும் என்றார், நாய்க்குத் தனியாக ஒன்று. நாச்சிமுத்து ஐயா அந்த அளவுக்குப் போகவில்லை. சூட்டுப் பட்டை, விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி என்றார். நீலகிரி ஆடி மாதத்தில் ஃபேன் எதற்கு என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்தேன். வெளியே இருக்கிற குளிரே போதும் என்று ஃப்ரிட்ஜையும் அடித்து, ஐஸ் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னேன். டிவியை அவரே விட்டுக்கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கிரைண்டருங்க.”

“எதுங்க?”

“மாவாட்டற கிரைண்டர். சின்னதுதானுங்க, டேபிள் மேல வெக்கறது.”

“ஒரு வாரத்துக்குக் கடை மாவு வாங்கிக்கலாமுங்களே.”

“கடை மாவா?” என்றார். நான் கடைச் சாராயம் என்று சொல்லியிருந்தால்கூட முகம் அப்படிச் சுருங்கியிருக்காது. கோயம்புத்தூர்க்காரரிடம் நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். ஆனாலும் கிரைண்டர் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாடிக்கையாளர் உடனே தலையாட்டினால் சந்தேகப்படுங்கள்.

கூரையில் இரண்டு சோலார் பலகை போட்டேன். கையில் தூக்கிப் போகிற மடக்குப் பலகை ஒன்றும் கொடுத்தேன். எங்கள் மலையில் வெயில் ஓர் இடத்தில் நிற்காது. இங்கே கொஞ்சம் அடித்துவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விடும். பலகையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் பேட்டரி ஏறும்படி இணைத்தேன். குன்னூர் மூடுபனியிலேயே நிறுத்தி வைத்துச் சோதித்தேன். பட்டை சூடாகிக்கொண்டே இருந்தது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

“மழை பாக்கோணும்னா எங்க போறது கண்ணு?” என்று தங்கமணி அம்மா கேட்டார்.

“எங்க ஊருக்குப் போங்க. சேரம்பாடி” என்றேன். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே மாதா கோவில் மைதானம் இருக்கிறது. சமதரை, மேலே சரிந்து விழ மேடு இல்லை. ஃபாதரிடம் கேட்டு வண்டி நிறுத்த அனுமதி வாங்கினேன். பக்கத்திலேயே என் அம்மா இருக்கிறாள், ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாமல் நாச்சிமுத்து ஐயா போன் செய்தார். “அம்மணி, டவர் தேடி எஸ்டேட் மேட்டுக்கு ஏறி வந்து பேசறனுங்க. உங்க சாமான் படுத்துருச்சு. உங்க ஊர்லயே படுத்துருச்சு. காலைல பை சில்லுனு...” அதோடு இணைப்பு அறுந்தது. திரும்ப எத்தனை முறை கூப்பிட்டாலும் போகவில்லை.

குன்னூர்ப் பட்டறை முதலாளியிடம் சொன்னேன். அவர் எப்போதும் சொல்கிற ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: “கஸ்டமர் சொல்றத நம்பாத, மீட்டர நம்பு.” இதைப் படித்தால் கோபப்படுவார், படட்டும். மீட்டர் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும். ஏன் போனது என்று ஒருநாளும் சொல்லாது.

உடனே பஸ் ஏறி, கூடலூரில் மாறினேன். பந்தலூர் தாண்டியதும் வழியெல்லாம் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. நாள் கணக்காகக் கரண்ட் இல்லை என்று கண்டக்டர் சொன்னார். டவரும் போய்விட்டதாம். நான் இறங்கியபோது அதிசயமாக மழை விட்டு வெயில் அடித்தது. ஓட்டமாக மைதானத்துக்குப் போனேன். இந்த வெயிலை விடக் கூடாது, மடக்குப் பலகையை விரித்திருப்பார்களோ மாட்டார்களோ என்று பதைப்பு.

விரித்திருந்தார்கள். அதன் மேல் பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, துண்டு, காலுறை, ஒரு முழு நீளக் கம்பளி. கறுப்பாக ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் காவலுக்கு நின்றவள் என் அம்மா.

“யார் வேலம்மா இது?” என்று கத்தினேன்.

“வந்த ஒடனே ஆரம்பிக்காதே ஸ்டெல்லா. எத்தன நாளாச்சு வெயிலப் பார்த்து? இந்தப் பாய் தொட்டா கதகதன்னு இருக்கு. போட்ட ஒடனே காயுது.”

“இது பாய் இல்லம்மா! இது மேல வெயில் படணும்!”

“படுதே. துணி மேல பட்டு, அப்புறம் அது மேல படுது. எம்மக மாட்டின சாமான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், நீ இப்படி மானத்த வாங்குறே.”

துணியையெல்லாம் வாரி அவள் கையில் திணித்தேன். டிப்ளமோ வாங்கிய நாளில் என்னைத் தூக்கிச் சுற்றிய அதே கை. இப்போது என்னை அறையலாமா என்று யோசித்ததைப் பார்த்தேன்.

வேனின் முன்பக்கம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாச்சிமுத்து ஐயா நின்றார். என்னைக் கண்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

“கிரைண்டர் எடுத்துட்டு வந்தீங்களா?”

“சின்னதுதானுங்க அம்மணி...”

எடுத்து வந்திருந்தார். கட்டிலுக்கு அடியில், போர்வைக்குள், கடத்தல் பொருள் மாதிரி. முந்தின நாள் மாவாட்டும்போது பாதியில் பேட்டரி நின்றுவிட்டது. நின்றதும் மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாதி அரைத்த உளுந்தை அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியிலிருந்து வயர் இழுத்து வந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, மாவை ஆட்டி முடித்துவிட்டார். வயரைக் கழற்ற மறந்துபோனார். காலியாகக் கிடந்த பெரிய சோலார் பேட்டரி சின்னதையும் உறிஞ்சிவிட்டது. விடிந்ததும் பட்டையும் சூடாகவில்லை, வண்டியும் உறுமவில்லை. குளிர்ந்த பையைத்தான் தங்கமணி அம்மா உள்ளே விட்டிருக்கிறார். நடுங்கித் தீர்த்துவிட்டார்.

“எஸ்டேட் ஜீப்புக்குச் சொல்லியிருக்கறேன். மத்தியானத்துக்குள்ள வந்துரும். அதுலருந்து ஸ்டார்ட் பண்ணி, நேரா கோயமுத்தூர். வண்டிக்கு ஆள் பாத்தாச்சு” என்றார். பிறகு பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே, “நாந்தான் கெடுத்துப்போட்டேன். ஆனா திருப்பறது திருப்பறதுதான்” என்றார்.

மத்தியானம் அடுத்த பை. ஜீப் வருவதற்குள் அந்தப் பை சூடாக வேண்டும். ஒரு வேளை தள்ளிப்போனால் உயிர் போய்விடாது. ஆனால் வண்டியை விற்க அவர் கையில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவதும் கிடைத்தால் தங்கமணி அம்மாவுக்கு மறுபடியும் வீடு, ஆஸ்பத்திரி, வீடுதான்.

மீட்டரைப் பார்த்தேன். முதலாளி சந்தோஷப்படுவார். அது போட்டு வைத்திருக்கும் நாள்வாரிக் கோட்டில் கிரைண்டர் ஓடியது சின்ன மேடாகத் தெரிந்தது. அது பெரிய தீனி இல்லை. அதற்கு முந்தின நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஏதோ ஒன்று நிற்காமல் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த மனிதர் வேறென்ன கடத்திக்கொண்டு வந்தார், வாஷிங் மெஷினா என்று யோசித்தபடி வேனின் பின்கதவைத் திறந்தேன்.

எங்கள் லைனில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். கட்டிலில், தரையில், சமையல் மேடை ஓரத்தில். நடுவில் சால்வை போர்த்திக்கொண்டு தங்கமணி அம்மா. ஜன்னல் கம்பி நெடுக போன்கள் வயரில் தொங்கின. எது யாருடையது என்று தெரிய ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டு, ஒன்றில் சிறகு வைத்த சம்மனசு படம். சார்ஜ் நின்றுபோனது தெரிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. யாருடைய மருமகளையோ பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். “எத்தன நாளாம்மா இது?”

“கரண்ட் போன நாள்லருந்து கண்ணு. உங்கம்மாதான் மொதல்ல ஒன்னு கொண்டாந்தாங்க. எம்மக வண்டின்னாங்க.”

“டவரே இல்லையே, போன் எதுக்கு?”

“டார்ச் அடிக்கறதுக்கு. போட்டோ காட்டறதுக்கு. பசங்களுக்கு கேம் வெளையாட.”

“நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா. உங்க பட்டைக்கு இருந்த கரண்டு அது.”

அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். உதடு இன்னும் வெளுத்திருந்தது. “ஊட்ல என்னையப் பாக்க வர்றவிக எல்லாம் ஆப்பிளோட வருவாங்க. வந்து மொகத்த ஒரு மாதிரி வெச்சுக்குவாங்க. அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுப் போயிருவாங்க. இவிக வயரோட வர்றாங்க கண்ணு. ஏறி முடிக்கற வரைக்கும் உக்காந்து பேசறாங்க. எனக்கு ஒடம்புக்கு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. நாலு பேர் வந்து போற ஊடு மாதிரி இருந்துது. அத எப்படி வேண்டாம்பேன்?”

நான் ஜன்னல் கம்பியில் தொங்கிய வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன்.

“அவருகிட்டச் சொல்லிராத. கிரைண்டர்னு நெனச்சுட்டு இருக்கறாரு. நெனச்சுக்கட்டும்.”

இப்போது நிலைமையைப் பாருங்கள். சொன்னால் அவர் என் ஊர்க்காரர்களை விரட்டிவிட்டு வண்டியைத் திருப்புவார். சொல்லாவிட்டால் என் சாமானைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்புவார். வெயில் ஏற்கெனவே அடுத்த மேட்டுக்குக் கிளம்பியிருந்தது. கூரைப் பலகை கொடுக்கிற அந்தக் கொஞ்சத்தில் மத்தியானத்துக்குள் பட்டை சூடாகாது. நான் மண்டியிட்டு பேட்டரி டெர்மினலை முறைத்துக்கொண்டிருந்தேன். முறைத்தால் ஏறிவிடும் என்பதுபோல.

நம் தொழில் வியாதி அது. கையில் ஸ்பேனர் இருந்தால் பார்வை பேட்டரியை விட்டு நகராது. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது சூடான பை. நான் தேடிக்கொண்டிருந்தது கரண்ட். இரண்டும் ஒன்றல்ல என்பது உறைத்ததும் எழுந்தேன்.

“அம்மா, கரண்ட் இல்லாத ஊர்ல இருந்தா எப்படிச் சூடு பண்ணச் சொல்லியிருக்காங்க நர்சு?”

அவர் மனப்பாடமாகச் சொன்னார். “தண்ணிக்குள்ள முக்கக் கூடாது. நெருப்புகிட்டக் காட்டக் கூடாது. மேலுறையப் பிரிக்கக் கூடாது. உலந்த சூடா, மெதுவா ஏறோணும். கையில வெச்சுப் பாத்தா இளஞ்சூடாத் தெரியோணும்.” பிறகு, “எனக்குத் தெரியும் கண்ணு. அவருக்குத்தான் லைட் எரிஞ்சாத்தான் மனசு ஆறுது” என்றார்.

ஐஸ் பெட்டி இருந்தது. குளிரைப் பிடித்து வைக்கிற பெட்டி சூட்டையும் பிடித்து வைக்கும். அதற்கு எது என்ன என்று தெரியாது. எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலுக்கு லைனில் பஞ்சமில்லை, கொழுந்து பறிக்கப் போகிற ஒவ்வொருத்தியிடமும் ஒன்று உண்டு. விறகடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. வெந்நீர் பாட்டில்களைத் துணியில் தடிமனாகச் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் பையை வைத்து மூட வேண்டியதுதான்.

வெளியே ஓடினேன். “அம்மா, எல்லார் வீட்லயும் வெந்நீர் வெக்கச் சொல்லு. பாட்டில் மூடி ஒழுகக் கூடாது. அப்புறம் காய்ஞ்ச துணி வேணும். நெறைய. நல்லாக் காய்ஞ்சதா.”

என் அம்மா அசையவில்லை. இடுப்பில் அந்தத் துணி மூட்டை அப்படியே இருந்தது.

“காய்ஞ்ச துணியா? இந்த லைன்லயா? கொடியில கெடக்கறதெல்லாம் காளான் பூத்துக் கெடக்கு. காய்ஞ்சது மொத்தமும் இதோ, நீ வாரிக் கடாசினதுதான்.”

“குடும்மா.”

“மொதல்ல பாய்னு சொல்லு.”

“பாய்தான். குடு.”

யார் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையோ தெரியாது, பாட்டில்களுக்குப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பாட்டிலும் முதல் மணிக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி நின்றது. கம்பளியைப் பெட்டிக்கு மேலே போர்த்தினேன். நடுநடுவே பாட்டிலை மாற்றினோம். பெண்கள் வரிசையாக வெந்நீர் கொண்டுவந்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் அம்மா, “அந்தம்மாவோட மருந்துப் பை வெதுவெதுப்பா இருக்கணுமாம், எம்மக பொட்டிக்குள்ள வெச்சு அடைகாக்குறா” என்று விளக்கம் கொடுத்தாள்.

நாச்சிமுத்து ஐயா ஒரு பம்புசெட்காரருக்கே உரிய அவநம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல மீட்டர் எங்கீங்க?”

“உங்க ஊட்டம்மா கைதான் மீட்டருங்க.”

தங்கமணி அம்மா மேலுறையோடு பையை எடுத்து முழங்கைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். திருப்பி மறுபக்கமும் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி வைத்தோம். அடுத்த முறை தலையசைத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, முகமூடி கட்டி, வேன் கதவை உள்ளே சாத்திக்கொண்டார்.

நாங்கள் வெளியே நின்றோம். எஸ்டேட் ஜீப் வந்தது. டிரைவர் இறங்கி வயரைப் பூட்டினார். ஒரே முறுக்கில் வேன் உறுமியது. நாச்சிமுத்து ஐயா அதையே எதிர்பார்த்திருந்தவர்போல ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

“தங்கம், முடிஞ்சுதா? கெளம்பலாம்.”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நடுக்கம் துளிகூட இல்லை.

“ஏனுங்க, பை இதமா இருக்குதுங்க. வயிறு முறுக்கல. வண்டியத் திருப்பறதுக்கு வேற காரணம் பாருங்க.”

“காலைல சில்லுனு இருந்துச்சுல்ல? ஒரு வேளைன்னு சொன்னேனா இல்லியா?”

“காலைல நடந்தது கிரைண்டர் கணக்கு. அதுக்கு நீங்கதான் பொறுப்பு. கிரைண்டருக்காக வண்டிய வித்தீங்கன்னு சொந்தக்காரங்ககிட்டச் சொல்லட்டுங்களா? பாதி மாவுக்குன்னு?”

ஜீப் டிரைவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். என் அம்மா அடக்கவே இல்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். அவருக்கு அது இன்றுவரை தெரியாது. இந்தப் பட்டறைச் சமாச்சாரமெல்லாம் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாச்சிமுத்து ஐயா இறங்கிவிட்டார். இன்ஜினை மட்டும் ஓடவிட்டார், பேட்டரி ஏறட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி பிடித்தது. தங்கமணி அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, அதைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் குன்னூருக்குத் திரும்புமுன் ஒரு வேலை செய்தேன். மடக்குப் பலகையை வேன் பேட்டரியிலிருந்து பிரித்துவிட்டேன். அதன் முதுகில் போன் வயர் செருக நேராகவே துளைகள் உண்டு. இனி கூரையில் இருப்பது தங்கமணி அம்மாவுக்கு, தரையில் இருப்பது லைனுக்கு. வெயில் வந்தால் போன் ஏறும், வராவிட்டால் ஏறாது, வேனுக்குள் வயர் வரக் கூடாது, பலகை மேல் துணி போடக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது என் அம்மாவைப் பார்த்தே சொன்னேன். என் மனதில் இருந்த பயம் வேறு. வயரோடு வரக் கூடாது என்றால் அப்புறம் யார் வருவார்கள்?

வந்தார்கள். போனை வெளியே பலகையில் செருகிவிட்டு, அது பாட்டுக்கு ஏறட்டும் என்று, உள்ளே கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். அந்த மருமகள் கதை இன்னும் முடிந்திருக்கவில்லை. நாச்சிமுத்து ஐயா எல்லோருக்கும் தோசை ஊற்றினார். மாவு அருமையாகப் புளித்திருந்தது என்பதை மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஐயாவும் அம்மாவும் நினைத்த நாள்வரை இருந்துவிட்டுத்தான் மலை இறங்கினார்கள். வண்டியை வாங்க வந்த ஆளை நாச்சிமுத்து ஐயா, “அது விக்கறதுக்கு இல்லீங்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாராம்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன என்றால், என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் யார் வருவார்கள் என்றும் கேளுங்கள். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது விருந்தாளியை. மூடுபனிக்குச் சேர்த்தேன், மழைக்குச் சேர்த்தேன், கட்டிலுக்கடியில் ஒளிகிற கிரைண்டருக்குக்கூடக் கொஞ்சம் சேர்த்தேன். கதவு திறந்திருந்தால் மனிதர்கள் வருவார்கள் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இல்லை. இரண்டாவது, ஏதாவது படுத்துவிட்டால் நீங்கள் விற்ற சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த ஆளுக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன வேண்டும் என்று பாருங்கள். அது வெந்நீராக இருந்தால் வெந்நீர் போடுங்கள். எலெக்ட்ரீஷியன் அடுப்பு ஊதினால் சான்றிதழ் கிழிந்துவிடாது.

போன மாதம் நாச்சிமுத்து ஐயா போன் செய்தார். “அம்மணி, ஆஸ்பத்திரி வராந்தால என் பொண்டாட்டி உங்களுக்கு ஏஜென்ட் வேலை பாத்துட்டு இருக்கறா.” அந்த வராந்தாவிலிருந்து ஒவ்வொருவராக என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். பை, மெஷின், சிலிண்டர், ஏதோ ஒன்று வீட்டுச் சுவரோடு கட்டிப்போட்டிருக்கும் ஆட்கள். இவர்களுக்கும் மாட்டித் தரலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். “நம்ம பட்டறை டூரிஸ்ட் வண்டிக்கும்மா. நோயாளிங்க வண்டியெல்லாம் ரிஸ்க். நீ ஒருத்தியா என்ன பண்ணிருவ?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

நெல்லியாளத்தில் பழைய மர டிப்போ ஒன்றைப் பிடித்து, நீங்கள் சேர்ந்திருக்கும் இந்தப் பட்டறையைத் தொடங்கிவிட்டேன். முதலாளி கொடுத்த பிரிவுபசார டீயையும் குடித்தாயிற்று. முதல் வண்டி உள்ளே நிற்கிறது. மூச்சுக்கு மெஷின் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. தூரத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்கிறார். வேன் புத்தம் புதிது. பலகை மாட்டக் கூரையில் துளை போட்ட பிறகு ஐயோ வேண்டாம் என்று யாரும் பின்வாங்க முடியாது. அந்த வண்டி மழையில் ஒழுகாமல் இருப்பதற்கு அதன்பின் நான்தான் பொறுப்பு.

இன்று காலை நான்கு துளையும் போட்டுவிட்டேன்.